கூரையில் எட்டு வண்ணத்துப்பூச்சிகள்

52 சனல். மாதக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. இதை நான் கலியாண வீட்டில் சொல்கிறேன், செத்தவீட்டில் சொல்கிறேன், கோயில் அன்னதான வரிசையில் முன்னே நிற்பவரின் தோளைத் தட்டிச் சொல்கிறேன். மனைவி பின்னாலிருந்து சேட்டைப் பிடித்து இழுப்பாள். நான் நிறுத்துவதில்லை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கூரையோரம் நிற்கிற அந்த அலுமினியச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குச் சாப்பாடும் தேவையில்லை.

கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது 2018 வசந்தத்தில். பில் நூறு டொலரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. போன் எடுத்துச் சண்டை பிடித்தால் பத்து டொலர் குறைப்பார்கள். மூன்று மாதத்தில் பதினைந்து ஏறியிருக்கும். அத்தனை சனலிலும் நாங்கள் உண்மையில் பார்த்தது என்ன என்று ஒருநாள் கணக்கெடுத்தேன். அம்மாவுக்குக் காலநிலை. மகனுக்கு ஹொக்கியும் பாஸ்கற்போலும். எனக்குச் செய்தியும் பி.பி.எஸ். விவரணப்படங்களும். இவை எல்லாம் வீட்டுக்கு மேலே காற்றில் சும்மா போய்க்கொண்டிருப்பவை. (தமிழ்ச் சனல்களுக்கு எங்கள் வீட்டில் இணையப் பெட்டி ஒன்று வேறாக இருக்கிறது. மனைவியின் சீரியல்களில் நான் கை வைக்கவில்லை. அந்தத் துணிவு எனக்கு இல்லை.)

முதலில் வாங்கியது ஒரு மட்டை. கடுதாசி மாதிரித் தட்டையாக, யன்னலில் ஒட்டுகிற கறுப்பு அன்ரனா. 35 டொலர். பெட்டியில் ‘1,000 மைல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இங்கிருந்து ஆயிரம் மைல் என்றால் புளோரிடா வந்துவிடும். பூமி உருண்டை என்பதை அந்தப் பெட்டியை அச்சடித்தவருக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. ரிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற ஒன்று. நூறு கிலோமீற்றர் சொச்சத்தில் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கோபுரம் மலைமேல் நின்றால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அந்த மட்டையை வரவேற்பறை யன்னலில் ஒட்டினேன். ஆறு சனல் வந்தது. யாராவது குறுக்கே நடந்தால் செய்தி வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. யன்னல் பார்த்தது வடக்கை; கோபுரங்கள் நின்றது தெற்கில். போதாக்குறைக்கு, புது யன்னல் கண்ணாடிகளில் சூட்டைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு ஒன்று இருக்கிறது. வெயிலைத் தடுக்கிற அதே பூச்சு அலையையும் தடுக்கும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஒரு மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “உதென்ன ராசா, யன்னலுக்குப் பிளாஸ்ரர் ஒட்டின மாதிரி? அன்ரனா எண்டால் வெளியிலை, உயரத்திலை நிக்கவேணும்.”

அம்மாவுக்குத் தெரியும். எண்பதுகளின் பிற்பாதியில் வடமராட்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குழாய் இரண்டைப் பொருத்தி, அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் அன்ரனாவைக் கட்டியிருந்தார் அப்பா. அது பார்த்தது மேற்கை. கொழும்பு எங்களுக்குத் தெற்கே இருந்தது. நாங்கள் பார்க்க விரும்பியது கடலுக்கு அப்பால், கொடைக்கானல் மலையிலிருந்து வந்த தூரதர்ஷனை. ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இன்றைய கணக்குக்கு அது வரவே கூடாது. ஆனால் மலையின் உயரமும், கடலின் மேலே சில மாலைகளில் படிகிற காற்றடுக்கும் சேர்ந்து அலையை வளைத்துக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் போட்டன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அரை ஒழுங்கையும் எங்கள் வீட்டில். அண்ணன் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்புவார், நான் யன்னலில் நின்று கத்துவேன்: “வருது, வருது… போட்டுது! திருப்பிக் கொண்டு வா… விடு, விடு, அசையாதை!” அண்ணன் அசையாமல் நிற்பார். சில இரவுகளில் முழுப் பாட்டும் முடியும்வரை நின்றிருக்கிறார். (அதே காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் இருந்தவர்கள் எங்கள் ரூபவாஹினியைப் பிடிக்க அன்ரனாவை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள் என்பது பின்னாளில் ரொறொன்ரோவில் ஒரு நண்பர் சொல்லித் தெரிந்தது. கடலின் இரண்டு கரையிலும் அடுத்த வீட்டு ரிவிதான் இனித்திருக்கிறது.)

அந்த மீன்முள்ளுக்குப் பெயர் யாகி-உடா அன்ரனா. 1926இல் ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் உருவாக்கியது. பிறந்த நாட்டில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரித்தானியரின் ராடார்க் குறிப்புகள் ஜப்பானியப் படையின் கையில் கிடைத்தன. அதில் ‘யாகி’ என்ற சொல் மறுபடி மறுபடி வர, பொருள் விளங்காமல் ஒரு கைதியிடம் கேட்டார்களாம். “அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்” என்றானாம் அவன். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். எங்கள் முற்றத்தில் நின்றது ஜப்பான்காரருடைய மூளை என்று அம்மாவுக்குச் சொன்னேன். “அப்ப ஏன் அது காத்துக்கு விழுந்தது?” என்றார்.

சரி, கூரை என்று முடிவாகியது. கூரையில் எந்தப் பக்கம்?

இந்த இடத்தில்தான் ரொறொன்ரோவில் வாழ்வது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று எனக்கு விளங்கியது. ராபிட் இயர்ஸ் என்றோர் இணையத்தளம் இருக்கிறது. வீட்டின் இடத்தைக் காட்டினால் எந்தக் கோபுரம் எத்தனை பாகையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பலத்துடன் தெரியும் என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. அங்கிருந்து தென்மேற்கே 19 கிலோமீற்றரில் சி.என். கோபுரம், 553 மீற்றர் உயரம். சி.பி.சி., சி.ரி.வி., குளோபல், சிற்றி, ரி.வி.ஓ. எல்லாம் அதன் உச்சிக் கம்பத்திலிருந்து எங்கள் தலையில் கொட்டுகின்றன. அதற்கு அன்ரனாவே வேண்டாம், ஒரு சட்டைக் கொழுவி போதும் என்பேன். பரீட்சித்தும் பார்த்தேன், கம்பிக் கொழுவியில் மூன்று சனல் வந்தது.

விருந்து இருப்பது மற்றப் பக்கம். தெற்கே, கொஞ்சம் கிழக்குச் சாய்ந்து, ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால் அமெரிக்காவின் பஃபலோ நகரம். கிராண்ட் ஐலண்ட் தீவில் நிற்கிற ஃபொக்ஸ் கோபுரம் எங்களுக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர். ஏ.பி.சி.யும் சி.பி.எஸ்.சும் பஃபலோவுக்கும் தெற்கே கோல்டன் என்ற மேட்டு ஊரில், 130 கிலோமீற்றருக்கு மேலே. நடுவில் பெரிய மலையில்லை, மாடியில்லை, இந்தப் பக்கம் அகன்ற ஏரி. ஸ்காபரோ ஏரியைவிட நன்றாக உயர்ந்த மேட்டில் இருக்கிறது; கரையில் அந்த வெள்ளைச் செங்குத்துகளைப் பார்த்திருப்பீர்களே, அந்த மேடுதான். ஏரி மட்டத்திலிருந்து பார்த்தால் எங்கள் கூரை ஒரு சின்ன மலையுச்சி. பஃபலோவின் பி.பி.எஸ். நிலையம் தன் பெயரிலேயே ரொறொன்ரோவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையில் அத்தனை பேர் அதைப் பார்த்து நன்கொடையும் அனுப்புகிறார்கள்.

கடைக்குப் போனால் ‘டிஜிட்டல் அன்ரனா’, ‘எச்.டி. அன்ரனா’, ‘4கே அன்ரனா’ என்று விதவிதமாகத் தொங்கும். அப்படி ஒரு சாதியே கிடையாது. அலுமினியத்துக்கு டிஜிட்டலும் தெரியாது அனலொக்கும் தெரியாது. அமெரிக்கா 2009 ஜூன் 12இல் பழைய ஒளிபரப்பை நிறுத்தியது. ரொறொன்ரோ 2011 ஓகஸ்ட் 31இல். அன்றிரவு பல வீட்டுக் கூரைகளிலிருந்து அன்ரனாக்களைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். பாவம், அவை அப்படியே டிஜிட்டலைப் பிடித்திருக்கும். பிடிக்க முடியாமல் போனது ரிவியின் உள்ளே இருந்த பழைய ரியூனரால்.

அன்ரனாவுக்குத் தெரிந்தது அலையின் நீளம் ஒன்றுதான். இன்றைய சனல்களில் பெரும்பாலானவை யூ.எச்.எஃப். பகுதியில், 14 முதல் 36 வரை. அலை அரை மீற்றர் சொச்சம். அதைப் பிடிக்கிற கம்பி அதில் பாதி, ஒரு முழத்துக்கும் குறைவு. வி.எச்.எஃப். மேல்பகுதிச் சனல்களுக்கோ 80 சென்ரிமீற்றர்க் கம்பி வேண்டும். இதைப் படித்ததும் அந்தக் கறுப்பு மட்டையின் மேல் எனக்கு இருந்த கடைசி மரியாதையும் போயிற்று. அந்தக் கையகலத்துக்குள் வி.எச்.எஃப். அலை எங்கே உட்காரும்? எங்கள் ஊரில் சி.ரி.வி. இன்னும் வி.எச்.எஃப்.இல் இருக்கிறது, உள்வீட்டு அன்ரனாக்காரர்கள் பலர் “ஒன்பது மட்டும் வருதில்லை” என்று முறையிடுவது அதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிகிற சனல் இலக்கம் பெயருக்கு ஒட்டிய சீட்டுத்தான். பஃபலோ என்.பி.சி. 2.1 என்று காட்டும். அலை வருவது யூ.எச்.எஃப்.இல். ரொறொன்ரோ சிற்றி 57.1 என்று காட்டும். 57 என்ற ரிவிச் சனலே இப்போது இல்லை. 38 முதல் 51 வரை இருந்த இடத்தையும் அமெரிக்கா ஏலம் போட்டுக் கைத்தொலைபேசிக் கம்பனிகளுக்குக் கொடுத்துவிட்டது. 2020 நடுப்பகுதிக்குள் அந்நாட்டு நிலையங்கள் கீழே இறங்கி நெருக்கி உட்கார்ந்தன. (37ஐ மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அது வானியலாளர்கள் விண்வெளியின் முணுமுணுப்பைக் கேட்பதற்கு ஒதுக்கியது.) ஆகவே அன்ரனா வாங்கும்போது 36 வரைக்கும் நன்றாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லாத 69க்காக வெட்டிய பழைய மொடல்களைவிடப் புதியவை கீழ்ச் சனல்களில் கொஞ்சம் கெட்டி.

நான் எடுத்தது எட்டு ‘போ-டை’ வைத்தது. பின்னால் கம்பி வலை, முன்னால் எட்டுச் சோடி இறக்கை. மகள் பார்த்துவிட்டு “அப்பா, எட்டு பட்டர்ஃபிளை!” என்றாள், அன்றிலிருந்து வீட்டில் அதற்கு வண்ணத்துப்பூச்சி என்றே பெயர். நான்கு சோடி வைத்தது மலிவு, அகலமாகப் பார்க்கும். எட்டு வைத்தது தூரமாகப் பார்க்கும், ஆனால் பார்வை குறுகியது. முப்பது பாகைக்குள் குறி வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது பஃபலோ. சி.என். கோபுரம் அறுபது பாகை பக்கவாட்டில் நின்றாலும் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் முதுகால்கூடக் கேட்கும். தூரத்துக் கோபுரத்துக்கு முகம் கொடு, கிட்டத்துக் கோபுரம் தானாக வரும் — ஸ்காபரோவில் என் சூத்திரம் இது ஒன்றுதான்.

கூரைக்குப் போகும் முன் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். ஏணிக்குப் பயந்து, கூரைக்கு உள்ளே பரணில் வைத்துப் பார்த்தேன். மழையில்லை, பனியில்லை, யாருக்கும் தெரியாது என்று மனைவிக்கும் சந்தோஷம். சி.என். கோபுரம் முழுவதும் வந்தது; பஃபலோவில் இரண்டோ மூன்றோ, அதுவும் இரவில். ஓடும் பலகையும் அலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மழை நனைந்தால் இன்னும் தின்னும். கோபுரங்கள் கிட்ட உள்ளவர்களுக்குப் பரண் போதும். என்னைப் போல ஆசை பிடித்தவர்களுக்குப் போதாது.

ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. நண்பன் ஏணியோடு வந்தான். தென்பக்க முக்கோணச் சுவரில் தாங்கியைப் பூட்டி, குழாயை நிறுத்தி, வண்ணத்துப்பூச்சியை மேலே ஏற்றினோம். பட்டியல் சொன்னது 163 பாகை. கைத் திசைகாட்டியைப் பிடித்து 163க்குக் குறிவைத்தேன். ஸ்கான் செய்தால் ஃபொக்ஸ் இருக்கிறது, பி.பி.எஸ். இருக்கிறது, ஏ.பி.சி. இல்லை. மேலும் கீழும் ஏறி இறங்கி முழங்கால் கழன்றது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது: திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. ரொறொன்ரோவில் அது உண்மை வடக்கிலிருந்து பத்துப் பாகை மேற்கே விலகி நிற்கிறது. பத்தையும் கூட்டி 173இல் வைத்திருக்க வேண்டும். நான் இவ்வளவு நேரமும் ஏரியின் வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா யன்னலைத் திறந்து நின்றார், முப்பது வருடத்துக்கு முன்பு நான் நின்றதுபோல. ரிவியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். நான் மேலே குழாயைப் பிடித்துத் திருப்பினேன். “வருதோ அம்மா?” பதில் இல்லை. இன்னும் திருப்பினேன். “ஒண்டும் இல்லை ராசா, கறுப்பாக் கிடக்கு.” இன்னும். “வந்… போட்டுது!”

அப்போதுதான் டிஜிட்டலின் குணம் பிடிபட்டது. வடமராட்சியில் படம் சிறுகச் சிறுகத் தெளியும். பூச்சி பறப்பது குறையும், முகம் தெரியும், பிறகு மூக்குத் தெரியும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று படமே சொல்லும். டிஜிட்டல் அப்படி இல்லை. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இரைச்சலுக்கு மேலே 15 டெசிபெல் சிக்னல் நின்றால் படம் குத்துக்கல்லாக நிற்கும். 14க்கு இறங்கினால் கறுப்புத் திரை. அதோடு ரியூனர் அலையைப் பிடித்துப் படமாக்க இரண்டு மூன்று செக்கன் எடுக்கும். நான் திருப்பிய வேகத்தில் அம்மா “வந்” என்று சொல்லும்போதே அன்ரனா அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒரு விரல் அளவு திருப்பு, கையை எடு, ஐந்து எண்ணு, கேள். மறுபடி ஒரு விரல். பொறுமையாகச் செய்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, கீழேயிருந்து அம்மாவின் குரல், அந்தப் பழைய ஒழுங்கைக் குரல்: “வந்திட்டுது! விடு, விடு, அசையாதை!”

நான் கூரையோரத்தில் அசையாமல் நின்றேன். ஏணியைப் பிடித்திருந்த நண்பன் “மச்சான், போல்ற்றை இறுக்கடா, ஏன்டா அழுறாய்?” என்றான். காற்று, கண்ணில் தூசி என்று ஏதோ சொன்னேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கேபிளில் வந்த படத்தை நல்ல படம் என்று நம்பியிருந்தோமே! கம்பனிகள் நூற்றுக்கணக்கான சனலை ஒரே குழாயில் திணிப்பதற்காக ஒவ்வொன்றையும் பிழிந்து அனுப்புகின்றன. காற்றில் வருவதை அவ்வளவுக்குப் பிழிவதில்லை. ஒரு நிலையத்துக்குச் செக்கனுக்கு 19 மெகாபிற்றுக்குச் சற்று அதிகமான இடம். அமெரிக்கர்கள் அதற்குள் பழைய கௌபோய்ப் படம், சமையல், துப்பறியும் தொடர் என்று நாலைந்து உபசனலையும் ஏற்றுவார்கள். கனடா நிலையங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படத்துக்கு முழு இடத்தையும் கொடுக்கின்றன. சனிக்கிழமை இரவு சி.பி.சி.யில் ஹொக்கி பாருங்கள். பனித்தரையில் சறுக்குக் கத்தி கீறின கோடு தெரியும். முதல் நாள் பார்த்த மகன் “அப்பா, இது உண்மையா ஃப்ரீயா?” என்று மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் எனக்கு இனித்தது.

சூப்பர் போல் இரவில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது விளம்பரம் பார்க்க. கனடாக் கேபிளில் அமெரிக்கச் சனலைப் போட்டாலும் அதே நிகழ்ச்சி கனடாச் சனலிலும் ஓடினால் கனடாப் பிரதியை மேலே ஒட்டிவிடுவார்கள். அமெரிக்க விளம்பரங்கள் காணாமற்போகும். ஒலிபரப்பு ஆணையம் 2017இலிருந்து சூப்பர் போலுக்கு மட்டும் இதற்கு விலக்குக் கொடுத்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைத் தள்ளியது. வழக்கு எப்படிப் போனாலும் என் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பஃபலோவிலிருந்து வருவதை இடையில் நின்று ஒட்ட யாராலும் முடியாது.

ஒரு முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 52இல் திருப்தி இல்லாமல், ஊரில் எல்லாரும் பூட்டிய மாதிரி ஒரு பூஸ்ரர் வாங்கினேன், இருக்கிறதில் பலமானதாக. பூட்டியதும் பாதிச் சனல் செத்தது. சி.என். கோபுரத்தின் அலை ஏற்கெனவே இடிமுழக்கம். அதை இன்னும் பெருக்கினால் பூஸ்ரர் திணறி எல்லாவற்றையும் குழப்பிவிடும். கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ரகசியம் கேட்கிற நிலைமை. பூஸ்ரர் இல்லாத சிக்னலை உண்டாக்காது. வந்த சிக்னல் வயரில் தேயாமல் காப்பாற்றும், அவ்வளவே. பெருக்கம் குறைந்த, இரைச்சல் குறைந்த ஒன்றைக் கம்பத்திலேயே பூட்டினேன். அடங்கியது.

2019 மே. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் துளிர்க்கும்வரை. குளிர்காலம் முழுக்க வெறும் குச்சியாக நின்ற மரம் இரண்டு வாரத்தில் பச்சைச் சுவராகிவிட்டது. ஈர இலை யூ.எச்.எஃப். அலைக்குப் பரம எதிரி. முதலில் போனது ஏ.பி.சி. போகக் கூடாத நேரத்தில் போனது: எங்கள் ஊர் பாஸ்கற்போல் அணியான ராப்ரர்ஸ் முதல் தடவையாக என்.பி.ஏ. இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது, இறுதிப் போட்டிகள் எல்லாம் ஏ.பி.சி.யில். விளையாட்டுச் சனல்களை நாங்கள் வெட்டியாயிற்று. மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கிளை வெட்டக் கேட்கலாம் என்றாள் மனைவி. மரத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தாங்கியைக் கழற்றிச் சுவரின் கிழக்கு ஓரத்துக்கு மாற்றி, குழாயில் இன்னும் ஒன்றரை மீற்றர் ஏற்றினேன். இரண்டு மீற்றர் நகர்த்தியதில் மரத்தின் தோளுக்குப் பக்கத்தால் ஏரி தெரிந்தது. டெசிபெல் 15ஐத் தாண்டி 19க்கு ஏறியது. அன்ரனாவை மாற்றவில்லை, பணம் செலவழிக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றினேன். 200 டொலர் அன்ரனாவைக் கெட்ட இடத்தில் வைப்பதைவிட 60 டொலர் அன்ரனாவை நல்ல இடத்தில் வைப்பது மேல் என்று நான் தொண்டை கிழியக் கத்துவது இதை வைத்துத்தான்.

ஜூன் 13 இரவு, ஓக்லண்டில் ஆறாவது ஆட்டம். எங்கள் வரவேற்பறையில் பதினெட்டுப் பேர். 114க்கு 110, வெற்றி எங்களுக்கு. கடைசி மணி அடித்தபோது 130 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஏரியைக் கடந்து வந்த படம் ஒரு சதுரம்கூட உடையவில்லை. வெளியே மார்க்கம் வீதி முழுக்க ஹோர்ன் சத்தம். நான் எழும்பி வாசலுக்குப் போய், எல்லாரும் வீதியைப் பார்த்தபோது கூரையைப் பார்த்தேன்.

ஏரியின் வேடிக்கை ஒன்று பாக்கி. வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும், தண்ணீர் குளிர்ந்தும் மேலே காற்று சூடாகவும் இருக்கிற விடியற்காலைகளில் அலைகள் ஏரிக்கு மேலே ஒரு குகைக்குள் போவதுபோல வளைந்து போகும். அந்த நாட்களில் ஐந்து மணிக்கு எழும்பி ஸ்கான் போடுவேன். தென்கிழக்கே 150 கிலோமீற்றரில் இருக்கிற ரோச்செஸ்ரர் நகரத்துச் சனல்கள் வந்து உட்கார்ந்திருக்கும். அங்கே எந்த வீதியில் வாகன நெரிசல் என்று எனக்கு எதற்கு? ஆனாலும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பார்ப்பேன். வெயில் ஏற, எட்டு மணிக்கு அவை மறைந்துவிடும். அம்மா ஒருநாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “கொடைக்கானலும் இப்பிடித்தான், நாள் பாத்துத்தான் வரும்” என்றார்.

இப்போது வார இறுதிகளில் நான் மற்றவர் வீடுகளில். இதுவரை ஒன்பது கூரை. எல்லா இடத்திலும் ஒரே பிழைகள்தான்: பழைய மெல்லிய வயர், ஆறு இடத்தில் ஒட்டு, நாலு அறைக்குப் பிரிக்கிற ஸ்பிளிற்றர். நாலு வழி ஸ்பிளிற்றர் ஒன்றே 7 டெசிபெல்லைத் தின்கிறது. கஷ்டப்பட்டு உயரத்தில் பிடித்ததைப் படிக்கட்டில் கொட்டுகிற வேலை அது. ஆர்.ஜி.-6 வயர், ஒரே நீளமாக, ஒட்டில்லாமல் இழுங்கள். கம்பத்துக்கும் வயருக்கும் தடித்த செப்புக் கம்பியால் பூமித் தொடுப்புக் கொடுங்கள். மின்னலை இங்கே யாரும் நினைப்பதில்லை. மின்சாரக் கம்பி கிட்டப் போகிற கூரையென்றால் நான் ஏற மாட்டேன், நீங்களும் ஏறாதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களே, உங்கள் பல்கனி தெற்குப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், நாலு சோடி இறக்கை போதும். வடக்குப் பார்த்தால் எதிர் மாடியில் பட்டுத் திரும்பி வருகிற அலையைப் பிடித்துப் பாருங்கள். ஒருவருக்கு அப்படியே சி.என். கோபுரம் முழுவதும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கூலி வாங்குவதில்லை. தேநீரும், படம் வரும்போது வீட்டுக்காரர் போடுகிற சத்தமும் போதும். ஸ்காபரோவில், ஏயாக்ஸில், பிக்கரிங்கில் யாருக்காவது தெற்கே வானம் திறந்திருந்தால் சொல்லியனுப்புங்கள், பனி விழுவதற்கு முன்பு. ஏணி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். என்னுடையதை மனைவி ஒளித்து வைத்துவிட்டாள்.